நாள்பட்ட முதுகுவலிக்குச் சிறு துளைச் சிகிச்சைகள்: எது, யாருக்கு, எப்படி

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் முதுகுவலி நாள்பட்ட வலி எனப்படும். ஒரு பக்கம் மாத்திரையும் உடற்பயிற்சியும், மறுபக்கம் முதுகைத் திறந்து செய்யும் அறுவை. இரண்டுக்கும் நடுவே ஊசி, மின்முனை, மெல்லிய குழாய் ஆகியவற்றால் செய்யப்படும் சிகிச்சைகள் உள்ளன. தோலில் விழும் துளை ஊசி நுழையும் அளவிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் வரை இருக்கும். தசைகள் அதிகம் வெட்டப்படுவதில்லை. பெரும்பாலானவர்கள் அன்றோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள்.

இவை பலன் தர ஒரு நிபந்தனை உண்டு. வலி எங்கிருந்து புறப்படுகிறது என்பது முதலில் சரியாகத் தெரிய வேண்டும். நரம்பு வேரில் பிறக்கும் வலிக்கு மூட்டில் ஊசி போட்டுப் பயனில்லை. மூட்டில் பிறக்கும் வலிக்கு, முதுகெலும்புகளுக்கு இடையே உள்ள ஜவ்வை (டிஸ்க்) அகற்றினாலும் அதே கதைதான். எந்த மருத்துவமனையில் எந்தக் கருவி இருக்கிறது என்று விசாரிக்கும் முன் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

முதலில் விலக்க வேண்டிய ஆபத்துகள்

கீழ்க்கண்டவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால் ஊசி, துளை பற்றிய பேச்சை நிறுத்திவைத்து, அதற்கான காரணத்தை முதலில் கண்டறிய வேண்டும்.

1. மலவாய், பிறப்புறுப்பு, உள்தொடை ஆகிய இடங்கள் மரத்துப்போதல்.
2. சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்ளுதல், அல்லது சிறுநீரோ மலமோ தன்னையறியாமல் வெளியேறுதல்.
3. காலில் பலம் நாளுக்கு நாள் குறைதல். நடக்கும்போது செருப்பு கழன்றுவிடுவதும் பாதம் தொங்குவதும் இதன் முதல் அறிகுறிகள்.
4. மாலையில் ஏறும் காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி.
5. முன்பு புற்றுநோய் இருந்திருத்தல், நீண்டகாலம் ஸ்டீராய்டு மாத்திரை எடுத்திருத்தல், வயதானவர் வழுக்கி விழுந்திருத்தல்.

முதல் மூன்றும் அவசரநிலை. அன்றைக்கே, இரவானாலும், அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக் கற்றை நசுங்கிய நிலையில் மணிக்கணக்கில் தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும். நான்காவதை நம் நாட்டில் ஒருபோதும் அலட்சியப்படுத்தக் கூடாது. முதுகெலும்பைக் காசநோய் தாக்கும்போது பல மாதங்கள் வெறும் முதுகுவலியாகவே தெரியும். அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டால் நோய் வளரத்தான் வழி பிறக்கும்.

நாற்பது வயதுக்குள் தொடங்கி, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் முதுகு விறைத்து, நடமாடினால் குறையும் வலி வேறு வகை. அது மூட்டழற்சி நோயாக இருக்கலாம். வாதநோய் மருத்துவரைப் பார்ப்பதே முறை.

வலியின் ஊற்றைக் கண்டறியும் வரிசை

எம்ஆர்ஐ அறிக்கையில் ‘ஜவ்வு பிதுங்கியுள்ளது’, ‘தேய்மானம்’ என்ற சொற்களைப் படித்ததுமே பலருக்குக் காரணம் தெரிந்துவிட்டதாகத் தோன்றும். 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் திரட்டிப் பார்த்தது. 20 வயதினரில் 37 விழுக்காட்டினருக்கும், 80 வயதினரில் 96 விழுக்காட்டினருக்கும் ஜவ்வுத் தேய்மானம் இருந்தது. ஜவ்வுத் தேய்மானமும் நரையைப்போல வயதோடு வருவது. ஸ்கேனில் தெரிவதும் உடலில் உணர்வதும் ஒரே பக்கத்தில், ஒரே மட்டத்தில் பொருந்தினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு.

1. இரண்டு வாரம் வலிக் குறிப்பு எழுத வேண்டும். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். எதைச் செய்தபோது கூடியது, எதில் குறைந்தது என்று ஒரு வரி.
2. தாளில் மனித உருவத்தை முன்னும் பின்னுமாக வரைந்து, வலிக்கும் இடத்தைப் பென்சிலால் தீட்ட வேண்டும். மரத்துப்போகும் இடத்துக்கு வேறு நிறம்.
3. வலியின் போக்கைக் கவனிக்க வேண்டும்:
 - முதுகைவிடக் காலில் அதிகம். முழங்காலுக்குக் கீழே சுரீரென்று ஓடுகிறது. இருமினால், தும்மினால் கூடுகிறது: நரம்பு வேர் அழுத்தப்படுவதற்கான அடையாளம்.
 - இடுப்பிலும் பிட்டத்திலும் மந்தமான வலி. நெடுநேரம் நின்றால், பின்னால் வளைந்தால் கூடுகிறது: முதுகெலும்புகளைப் பின்புறம் இணைக்கும் சிறு மூட்டுகளான ஃபேசட் மூட்டுகளைச் சந்தேகிக்கலாம்.
 - இடுப்புக் குழிக்கருகே ஒரு விரலால் தொட்டுக் காட்ட முடிகிறது. நாற்காலியை விட்டு எழும்போது குத்துகிறது: இடுப்பெலும்பும் முதுகின் அடியெலும்பும் சேரும் மூட்டு.
 - சிறிது தூரம் நடந்ததும் கால்கள் கனக்கின்றன. உட்கார்ந்தால், முன்னால் குனிந்தால் தணிகிறது: நரம்புப் பாதை குறுகியிருக்கலாம்.
 - எழுபது வயதுக்காரருக்குத் திடீரென்று நடுமுதுகில் கடும் வலி: எலும்பு நொறுங்கியிருக்கலாம்.
4. இந்தக் குறிப்புகளோடும் ஸ்கேன் படங்களோடும் மருத்துவரைப் பார்க்க வேண்டும். அறிக்கைத் தாள் மட்டும் போதாது. படங்கள் உள்ள குறுந்தகடோ ஃபிலிமோ அவசியம்.

இந்த அடையாளங்கள் சந்தேகத்தைக் கூர்மையாக்குமே தவிர முடிவு சொல்லாது. ஃபேசட் மூட்டு வலியைத் தொட்டுப் பார்த்து உறுதிசெய்ய இயலாது. அதற்குச் சோதனை ஊசி தேவை. அது பின்னர் வருகிறது.

இன்னொரு தகுதியும் உண்டு. குறைந்தது ஆறு முதல் பன்னிரண்டு வாரம் முறையான பயிற்சி செய்து பார்த்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல் பயிற்சியையும் நோயைப் பற்றிய தெளிவையும் மனநல ஆதரவையும் பரிந்துரைக்கிறது. நம்மூரில் மிகவும் நம்பப்படும் இடுப்பு பெல்ட்டையும் டிராக்‌ஷனையும் வழக்கமான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. ஆண்டுக்கணக்கில் பெல்ட் போட்டதை ‘எல்லாச் சிகிச்சையும் பார்த்தாகிவிட்டது’ என்று கணக்கில் சேர்ப்பது சரியல்ல.

எபிடூரல் ஊசி

காலுக்கு ஓடும் வலிக்கு இது அதிகம் பயன்படுகிறது. தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளியில் ஸ்டீராய்டும் மரத்துப்போகும் மருந்தும் செலுத்தப்படுகின்றன. பிதுங்கிய ஜவ்வை ஊசி உள்ளே தள்ளுவதில்லை. நரம்பைச் சுற்றியுள்ள அழற்சியை அடக்குகிறது. பலன் சாதாரணமாக இரண்டு முதல் ஏழு நாளில் தெரியும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை நீடிக்கும். வெறும் முதுகுவலிக்கு, கால்வலி இல்லாத நிலையில், இதனால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு.

மருத்துவரிடம் உறுதிசெய்துகொள்ள வேண்டியவை மூன்று. சி-ஆர்ம் எக்ஸ்ரே கருவியில் பார்த்தபடி, சாயமருந்து செலுத்தி ஊசிமுனையின் இடத்தைச் சரிபார்த்த பிறகுதான் மருந்து போடப்படுமா? நரம்பு வெளிவரும் பக்கத் துளை வழியே போடுவதானால், துகள் இல்லாத டெக்ஸாமெதசோன் பயன்படுத்தப்படுமா? ஓராண்டில் எத்தனை ஊசி வரை அனுமதிப்பார்? துகளுள்ள ஸ்டீராய்டு தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தண்டுவடத்துக்குச் செல்லும் ரத்தம் தடைபடலாம். மிக அரிது, ஆனால் கால்கள் செயலிழப்பதில் முடியக்கூடியது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014-இல் எபிடூரல் ஸ்டீராய்டு ஊசிகளால் அரிதாக நேரும் கடும் நரம்புப் பாதிப்புகள் குறித்து எச்சரிக்கை வெளியிட்டது.

ஃபேசட் மூட்டு: சோதனை ஊசியும் வெப்பச் சிகிச்சையும்

ஒவ்வொரு ஃபேசட் மூட்டின் உணர்வையும் இரண்டு மெல்லிய நரம்புக் கிளைகள் மூளைக்குக் கொண்டுபோகின்றன. ரேடியோஃப்ரீக்வென்சி சிகிச்சையில் இந்தக் கிளைகளின் அருகே மின்முனை வைக்கப்பட்டு, சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பம் 60 முதல் 90 விநாடி கொடுக்கப்படுகிறது. கிளை செயலிழக்க, வலிச் செய்தி நின்றுபோகிறது. நரம்பு மீண்டும் வளரும். ஆகவே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை பலனை எதிர்பார்க்கலாம்.

இதற்கு முன் அதே கிளைகளில் மரத்துப்போகும் மருந்தை மட்டும் செலுத்திச் சோதிக்க வேண்டும். இந்தச் சோதனை நாளைச் சரியாகப் பயன்படுத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது.

1. அன்று காலை வலி மாத்திரை எடுக்கக் கூடாது. வலி இருந்தால்தான் குறைந்ததா என்று தெரியும்.
2. தூக்க மருந்து வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நல்லது. மயக்கத்தில் வலி குறைந்ததா, ஊசியால் குறைந்ததா என்று பிரிக்க முடியாமல் போகும்.
3. ஊசி முடிந்ததும் வீட்டில் படுத்துவிடக் கூடாது. வழக்கமாக எது வலியைக் கிளப்புமோ அதையே அளவோடு செய்ய வேண்டும்: சமையலறையில் நிற்பது, படியேறுவது, பின்னால் வளைவது.
4. அரை மணிக்கு ஒருமுறை, ஆறு முதல் எட்டு மணி நேரம், மதிப்பெண் எழுத வேண்டும்.
5. மருந்து வேலை செய்யும் அந்தச் சில மணி நேரத்தில் வலி பெருமளவு குறைந்திருக்க வேண்டும். பல மருத்துவர்கள் 80 விழுக்காடும், சிலர் 50 விழுக்காடும் எதிர்பார்க்கிறார்கள். வேறொரு நாளில் இரண்டாம் முறை சோதித்து உறுதிசெய்வது மேலும் பாதுகாப்பு.

சோதனை ஊசி இல்லாமல் நேராக வெப்பச் சிகிச்சைக்குத் தேதி கொடுக்கும் இடத்தை ஒதுக்கிவிட்டு இரண்டாம் கருத்துக் கேட்க வேண்டும். சிகிச்சைக்குப் பின் ஓரிரு வாரம் வெயிலில் எரிந்த தோல்போல் முதுகு காந்தலாம். முழுப் பலன் தெரிய மூன்று வாரம் ஆகலாம். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மருத்துவ உலகின் கருத்து வேறுபாடு

இந்த ஊசிகளைப் பற்றி வல்லுநர்களிடையே இன்று ஒருமித்த கருத்து இல்லை என்பதை நோயாளி அறிந்திருப்பது அவரது உரிமை. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016-இல், காரணம் தெளிவாகாத முதுகுவலிக்கு ஊசிகள் வேண்டாம் என்றது. சோதனை ஊசியில் தேறியவர்களுக்கு வெப்பச் சிகிச்சையைப் பரிசீலிக்கலாம் என்றது. நெதர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஆய்வுகள், பயிற்சியோடு வெப்பச் சிகிச்சையும் பெற்றவர்களுக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. 2025-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல் எபிடூரல், ஃபேசட் ஊசி, வெப்பச் சிகிச்சை ஆகியவற்றை நாள்பட்ட முதுகெலும்பு வலிக்குச் செய்ய வேண்டாம் என்று உறுதியாகச் சொன்னது. வலி மருத்துவச் சங்கங்கள் இதை ஏற்கவில்லை; வெவ்வேறு நோயாளிகளை ஒரே கூடையில் போட்டு எடைபோட்டதாக மறுத்தன.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது தெளிவு. கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் போடப்படும் ஊசிக்கு ஆதாரம் பலவீனம். ஊற்று உறுதியான சிலருக்கு, பயிற்சி செய்யவே முடியாத வலியைத் தற்காலிகமாகத் தணிப்பதற்கே இவை பயன்படும்.

ஜவ்வை அகற்றும் சிறு துளை அறுவை

நுண்ணோக்கி வழியாகவோ, எட்டு மில்லிமீட்டர் அளவு துளையில் நுழையும் எண்டோஸ்கோப் வழியாகவோ நரம்பை அழுத்தும் ஜவ்வுத் துண்டு மட்டும் அகற்றப்படுகிறது. எண்டோஸ்கோப் முறையை, இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே செய்ய முடியும். கருவி நரம்பைத் தொட்டால் அவரே சொல்லிவிடுவார். நெதர்லாந்தில் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில் எண்டோஸ்கோப் முறை, திறந்து செய்யும் நுண்ணறுவைக்குக் குறையாத பலன் தந்தது.

இது கால்வலிக்கான அறுவை. முதுகுவலி போகும் என்று நம்பிச் செய்துகொள்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். அவசரமும் தேவையில்லை: 2007-இல் நெதர்லாந்தில் 283 பேரிடம் நடந்த ஆய்வில், உடனே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி சீக்கிரம் குறைந்தது, ஓராண்டு முடிவில் காத்திருந்தவர்களும் அதே நிலையை அடைந்திருந்தார்கள். காத்திருந்தவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இடையில் அறுவை தேவைப்பட்டதும் உண்மை. பலம் குறையாதவரை, பொறுப்பதா வேண்டாமா என்பது வலியின் கடுமையையும் பிழைப்பின் நெருக்கடியையும் பொறுத்து நோயாளி எடுக்கும் முடிவு.

மற்றவை, சுருக்கமாக

எலும்புச் சிமெண்ட்: நொறுங்கிய முதுகெலும்புக்குள் ஊசி வழியே சிமெண்ட் செலுத்தும் முறை. 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் போலிச் சிகிச்சையைவிட மேலான பலன் தெரியவில்லை. படுக்கையை விட்டு எழவே முடியாத முதியவருக்கு மட்டும் இன்றும் பரிசீலிக்கப்படுகிறது. எலும்பு அடர்த்திக்கான மருந்தைத் தொடங்காமல் சிமெண்ட் மட்டும் வைப்பது பாதி வேலை.

தண்டுவட மின்தூண்டி: முதுகுக்குள் மின்கம்பியும் தோலுக்கடியில் மின்கலமும் வைக்கப்படுகின்றன. முதலில் சில நாள் தற்காலிகமாக வைத்துச் சோதித்த பிறகே நிரந்தரமாகப் பொருத்துவார்கள். செலவு மிக அதிகம். முதுகுவலிக்கு நீண்டகாலப் பலன் இருப்பதற்கான ஆதாரம் பலவீனம். கடைசிப் படியில்தான் இதை வைக்க வேண்டும்.

ஓசோன், லேசர், பிஆர்பி, ஸ்டெம்செல்: விளம்பரம் வலுவாகவும் ஆதாரம் மெலிவாகவும் உள்ள வகைகள். கடன் வாங்கிச் செய்துகொள்ளத் தக்கவை அல்ல.

தேதி குறித்த பின்: ஒரு வார ஆயத்தம்

1. சாப்பிடும் எல்லா மருந்துகளையும் பட்டையோடு எடுத்துப்போய்க் காட்ட வேண்டும். சித்த, ஆயுர்வேத மருந்துகளும் இதில் சேரும்.
2. ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை நிறுத்துவது பற்றி அதை எழுதிக் கொடுத்த இதய மருத்துவரிடமே கேட்க வேண்டும். வார்ஃபரின், குளோபிடோக்ரல் போன்றவற்றுக்குப் பல நாள் இடைவெளி தேவைப்படும். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம். சொல்லாமல் சாப்பிட்டால் தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டலாம்.
3. சர்க்கரை நோயாளிகள் அளவைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். ஸ்டீராய்டு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் மருந்தளவை முன்கூட்டியே பேசி வைப்பது நல்லது.
4. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முதுகில் கொப்புளம், சொத்தைப் பல் வீக்கம் இருந்தால் தேதியைத் தள்ளிவைக்க வேண்டும்.
5. கருவுற்றிருக்கும் வாய்ப்பையும், சாயமருந்து, மரத்துப்போகும் மருந்து ஆகியவற்றுக்கு முன்பு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.
6. காப்பீட்டில் ‘டேகேர்’ சிகிச்சையாக இது சேருமா என்று எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். ஒரே நாளில் வீடு திரும்பும் சிகிச்சைகளில் தகராறு வருவது இங்கேதான்.

குறிப்பு: மயக்க மருந்து கொடுப்பதானால் திட உணவை ஆறு மணி நேரமும் தண்ணீரை இரண்டு மணி நேரமும் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் அன்று காலை வேண்டுமா என்பதை முதல்நாளே கேட்டுக்கொள்ள வேண்டும்.

பிறகு வரும் வாரங்கள்

1. முதல் நாள்: துணைக்கு ஒருவர் கூட வர வேண்டும். இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது. பின்னால் அமர்ந்து வேகத்தடைகளில் குலுங்குவதும் கூடாது. கால் சில மணி நேரம் மரத்திருக்கலாம், குளியலறையில் கவனம் தேவை.
2. இரண்டாம், மூன்றாம் நாள்: துளையைச் சுற்றி வலித்தால் துணியில் சுற்றிய பனிக்கட்டியைப் பத்து நிமிடம் வைக்கலாம். எண்ணெய் தடவி நீவி விடுவது, ஆற்றிலோ குளத்திலோ இறங்கிக் குளிப்பது இரண்டையும் தவிர்க்க வேண்டும். வீட்டுக்குள் நடமாடுவது நல்லது.
3. முதல் வாரம்: காலையும் மாலையும் 10 முதல் 15 நிமிட நடை. சர்க்கரை நோயாளிகள் தினம் இருமுறை ரத்தச் சர்க்கரை அளவைச் சோதிக்க வேண்டும். 300-ஐத் தாண்டினால் மருத்துவரை அழைக்க வேண்டும்.
4. இரண்டாம் வாரம் முதல், ஊசி போட்டவர்கள்: மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் உயர்த்தி ஐந்து விநாடி நிறுத்துவது பத்து முறை. கைகளும் முழங்கால்களும் தரையில் ஊன்றி, வலது கையையும் இடது காலையும் நீட்டுவது, பிறகு மாற்றிச் செய்வது. முதல் சில நாள் பிசியோதெரபிஸ்ட் பார்க்கச் செய்ய வேண்டும்.
5. ஜவ்வு அகற்றியவர்கள்: அறுவை மருத்துவர் அனுமதிக்கும்வரை, வழக்கமாகச் சுமார் ஆறு வாரம், குனிந்து கோலம் போடுவது, சம்மணமிட்டு உட்காருவது, தண்ணீர்க் குடமோ கேஸ் சிலிண்டரோ தூக்குவது வேண்டாம். 100 பேரில் 5 முதல் 10 பேருக்கு ஜவ்வு மறுபடி பிதுங்குகிறது.

அடிக்கடி நேரும் பிழைகளில் மோசமானது, வலி குறைந்த வாரத்திலேயே விட்டுப்போன வேலையை எல்லாம் ஒரே மூச்சில் முடிக்க முனைவது. அதற்கு நேர் எதிரான பிழை, ‘ஊசி போட்ட முதுகு’ என்று மாதக்கணக்கில் படுத்திருப்பது. ஊசி தருவது பயிற்சிக்கான அவகாசம். அந்தச் சில வாரங்களில் முதுகுத் தசைகள் பலப்படவில்லை என்றால், மருந்தின் வீரியம் வடிந்ததும் வலி பழைய இடத்துக்கே திரும்பும்.

உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சலோடு கூடும் முதுகுவலி, துளையில் சீழ், காலில் புதிதாகப் பலவீனம், சிறுநீர் கழிக்க முடியாமை, கழுத்து விறைப்பு. எழுந்து உட்கார்ந்தால் மண்டை பிளப்பதுபோல் வலித்து, படுத்தால் தணிந்தால் தண்டுவட நீர் கசிகிறது என்று பொருள். குணமாக்கக்கூடியதே, ஆனால் தெரிவிக்க வேண்டும்.

மறுபடி ஊசி போடுவதா என்ற கேள்வி

முதல் ஊசியில் 50 விழுக்காடாவது வலி குறைந்து, பல வாரங்கள் நீடித்திருந்தால் மட்டுமே அதே ஊசியை மறுபடி யோசிக்கலாம். பலனே இல்லாத ஊசியை ‘மூன்று ஊசி சேர்ந்தால்தான் வேலை செய்யும்’ என்ற தொகுப்புக் கணக்கில் தொடர்வதற்கு ஆதாரமில்லை. ஓராண்டில் மூன்று, நான்கு ஊசிகளைத் தாண்டினால் ஸ்டீராய்டால் எலும்பு மெலிவதும் சர்க்கரை கட்டுமீறுவதும் கவலைக்குரியவை ஆகின்றன. பலன் இல்லையென்றால் ஊற்றைக் கணித்ததில் பிழை இருக்கலாம். வலிக் குறிப்பையும் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு கண்டறியும் வரிசையின் முதல் படியிலிருந்து, முடிந்தால் வேறொரு மருத்துவரோடு, மீண்டும் தொடங்க வேண்டும்.